துறைப் பக்கத்தை யார் திருத்துவது?

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ஒரு தேதியை மாற்றுவதென்றாலும் கணினிப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பேசாமல் விக்கியாக, அதாவது பலரும் நேரடியாகத் திருத்தக்கூடிய இணையத்தளமாகப் போட்டு நாங்களே எழுதிக்கொள்ளலாமே என்றேன். "கண்டவனும் வந்து கிறுக்கிவிடுவான்" என்கிறார் துறைத்தலைவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிறுக்குவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. படிப்பது எல்லோரும், திருத்துவது கணக்கு உள்ளவர் மட்டும் என்று மீடியாவிக்கி, டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள்கள் இரண்டிலும் வைத்துக்கொள்ளலாம். யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே நிற்கும். தப்பென்றால் பழையபடி திருப்பிவிடலாம். ஆபீஸ் ஃபைலில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது. 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கிக்குப் பெயர் வைத்தது ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தைப் பார்த்து. ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. உங்கள் குறையும் தாமதம்தானே!

என் பயம் வேறு: ஒருவரும் எழுதமாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆசையாக விக்கி போட்டோம். முதல் மாதம் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். மறுவருஷம் பார்த்தால், ஓய்வு பெற்றுப் போனவர் இன்னும் துறைத்தலைவராக வீற்றிருக்கிறார்; நடந்து முடிந்த கருத்தரங்குக்குப் பக்கத்தில் 'விரைவில்' என்று சிவப்பில் மின்னுகிறது. எல்லோரும் திருத்தலாம் என்றால், அடுத்தவர் திருத்துவார் என்று இருந்துவிடுகிறோம். டெல்டாக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டுமா? மேட்டூரில் திறந்துவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. இந்த மதகிலிருந்து அந்த மதகு வரை இன்னார் தூர் வார வேண்டும் என்று பிரித்துக்கொண்ட ஊரில்தான் வாய்க்கால் ஓடும்.

அதனால் பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர். ஆள் பெயரில் வேண்டாம், பதவியின் பெயரில் எழுதுங்கள். மாற்றலாகிப் போனாலும் வேலை நிற்காது. அப்புறம் ஒன்று: மதிப்பெண் பட்டியல், மாணவர் விவரம் எதையும் மீடியாவிக்கியில் ஏற்றிவிடாதீர்கள். சில பக்கங்களை மட்டும் மறைத்துவைப்பதற்காகச் செய்த மென்பொருள் இல்லை அது.

துறைத்தலைவரிடம் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். காலையில் காபியோடு ஒருமுறை பார்த்தால் அவருக்குப் போதும். கணினிப் பிரிவுக்காரரையும் பகைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சர்வர் அவர் கையில்தான் இருக்கிறது.