நாடகக்காரருக்கு நாவல் வருமா?

கேள்வி: கெங்கையம்மன் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் எட்டு வருடமாக நாடகம் எழுதிப் போடுகிறேன். இப்போது நாவல் எழுதவும் ஆசை, படம் எடுக்கவும் ஆசை. நாடகக்காரனுக்கு அதெல்லாம் வராது என்கிறார்கள் நண்பர்கள். மூன்றையும் செய்தவர் யாராவது உண்டா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு. பீட்டர் ஹெட்ஜஸ், அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்காரர், 1962-இல் பிறந்தவர். நடிப்புப் படித்துவிட்டு நியூயார்க் போய், நண்பர்களோடு சின்ன நாடகக் குழு நடத்தி, அதற்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1991-இல் 'வாட்ஸ் ஈட்டிங் கில்பர்ட் கிரேப்' என்ற முதல் நாவல் வந்தது. மளிகைக் கடையில் வேலை பார்க்கும் கில்பர்ட் என்ற பையன், வீட்டை விட்டு வெளியே வராத அம்மாவையும் மனவளர்ச்சி குன்றிய தம்பியையும் பற்றித் தன் வாயாலேயே சொல்கிற கதை. நம் பக்கம் கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்று சபையைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பாரே, அந்த மாதிரி நேராக நம்மிடம் பேசுகிறான். நாடகத்தில் பேச்சு எழுதிப் பழகிய கைக்குத்தான் அது வரும் என்பது என் எண்ணம், அதனால் உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1993-இல் அது படமானபோது திரைக்கதையும் அவரே எழுதினார். தம்பியாக நடித்த லியோனார்டோ டிகாப்ரியோவுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது அந்தப் படத்தில்தான். 2002-இல் வந்த 'அபௌட் எ பாய்' படத்தின் திரைக்கதைக்காக இன்னும் இருவரோடு சேர்ந்து ஹெட்ஜஸுக்கும் பரிந்துரை வந்தது.

அப்புறம் அவரே இயக்கிய முதல் படம், 2003-இல் வந்த 'பீசஸ் ஆஃப் ஏப்ரல்'. இதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பணம் போடுகிறேன் என்றவர்கள் பின்வாங்கி, கடைசியில் சுமார் 3 லட்சம் டாலரில், டிஜிட்டல் கேமராவில், 16 நாளில் எடுத்த படம். விருந்துக்கு வீட்டார் வருகிற நாளில் ஒரு பெண்ணின் அடுப்பு கெட்டுப்போகிறது, அரைகுறையாக இருக்கும் வான்கோழியைத் தூக்கிக்கொண்டு அதே கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டுகிறாள், இன்னொரு பக்கம் புற்றுநோய் வந்த அம்மாவோடு குடும்பம் காரில் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் கதை. ஒரே பெஞ்சு அரண்மனையாகவும் தேராகவும் ஆகிற கூத்தை விடிய விடியப் பார்த்த உங்களுக்கு இந்தச் சிக்கனம் உடனே புரியும்.

அந்த அம்மா யார் தெரியுமா? ஹெட்ஜஸின் சொந்த அம்மாவும் புற்றுநோயில் இறந்தவர். மகன் சின்னப் பையனாக இருந்தபோதே குடிப்பழக்கத்தால் வீட்டை விட்டுப் போனவர், பிறகு அதிலிருந்து மீண்டு, குடியில் சிக்கிய மற்றவர்களுக்கு உதவியவர். 1998-இல் வந்த 'ஆன் ஓஷன் இன் அயோவா' நாவலில் ஏழு வயதுப் பையனை விட்டு அம்மா போய்விடுகிறாள். 2018-இல் 'பென் இஸ் பேக்' படத்தில் போதைக்கு அடிமையான மகன் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீடு திரும்புகிறான், அவனை ஒரு நிமிடம்கூடக் கண்ணை விட்டு அகலவிடாத அம்மாவாக ஜூலியா ராபர்ட்ஸ். மகனாக நடித்தவர் ஹெட்ஜஸின் சொந்த மகன் லூகாஸ். அம்மாவுக்காகக் காத்திருந்த பையன், மகனுக்காகக் காத்திருக்கும் அம்மாவை எழுதும் இடத்துக்கு வந்து சேர இருபது வருடம் ஆகியிருக்கிறது, அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் மனதை அழுத்தியது.

எனவே நாவலா சினிமாவா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் எட்டு நாடகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார் என்று பாருங்கள், அவரிடமிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நாவலாசிரியரே திரைக்கதை எழுதினால், எதையும் வெட்ட மனம் வராமல் படம் கெட்டுவிடாதா?
- ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: கெடலாம். ஆனால் மேலே சொன்ன ஹெட்ஜஸ், கில்பர்ட்டின் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் படத்துக்குள் கொண்டுவரவில்லை. மேடையில் யார் நிற்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது கொஞ்சம் சுலபம்.