ஃபேமிலி கம்ப்யூட்டர்ல சில வெப்சைட்டை பிள்ளைங்களுக்கு மட்டும் பிளாக் பண்ண முடியுமா, சாஃப்ட்வேர் வாங்கணுமா?

முடியும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேணாம். ஹால்ல ஒரே கம்ப்யூட்டர், பிள்ளைங்க தாத்தா நீங்க எல்லாருமே அதுலதான்னு எழுதியிருக்கீங்க, எங்க வீடும் அதே கதைதான். எங்களோடது விண்டோஸ், அதை வச்சே சொல்றேன்.

பிளாக் பண்றதுக்கு முன்னாடி அக்கவுண்ட்டைப் பிரிங்க. நிறைய வீட்டுல கடையில போட்டுக் குடுத்த ஒரே லாகின்தான், அதுலதான் அப்பா பேங்க் பாக்குறாரு, அதுலயே பிள்ளை கேம் ஆடுது, எல்லா செட்டிங்கையும் மாத்துற அதிகாரம் இருக்குற அட்மின் அக்கவுண்ட்டும் அதுதான். அப்படி இருந்தா நீங்க என்னத்தைப் பூட்டுனாலும் சாவி பிள்ளை கையிலதான் இருக்கு. எங்க வீட்டுல மாமனாருக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு, எல்லாமே அந்த அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் யூசர். அட்மின் பாஸ்வேர்ட் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுத்து, யாருக்கும் வேண்டாதது எது, பிள்ளைக்கு மட்டும் வேண்டாதது எதுன்னு தனித்தனியா யோசிங்க. ஆபாச சைட், வைரஸ் சைட் எல்லாம் வீட்டுல யாருக்குமே வேணாம், அதுக்கு டிஎன்எஸ், அதாவது சைட் பேரை வச்சு அதோட அட்ரஸைத் தேடிக் குடுக்குற சர்வர், அதை மாத்துனாலே போதும். கிளவுட்ஃபிளேர்ங்கிற இன்டர்நெட் கம்பெனி 2020-ல இருந்து குடும்பங்களுக்குன்னே இலவசமா குடுக்குறாங்க, 1.1.1.3-ம் 1.0.0.3-ம் போட்டா ரெண்டையும் தடுக்கும். ரவுட்டர்ல போட்டா வீட்டு வைஃபைல இருக்குற எல்லாத்துக்கும் சேரும், கம்ப்யூட்டர்ல மட்டும் போட்டா அதுக்கு மட்டும். ஐபிவி6-ங்கிற புது வகை இன்டர்நெட் அட்ரஸ் முறை ஆன்ல இருந்தா அதுக்கும் மறக்காம மாத்துங்க, இல்லன்னா அந்த வழியா போயிடும். பிரவுசர் செட்டிங்ல செக்யூர் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல வேற கம்பெனியை செலக்ட் பண்ணா இந்த ஃபில்டரை தாண்டிடலாம், செகண்டரி பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியும்.

வேண்டாத சைட்டை ஹோஸ்ட்ஸ்ங்கிற விண்டோஸ் ஃபைல்ல எழுதச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க. சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி ஃபோல்டருக்குள்ள இருக்கும், நோட்பேடை அட்மினா திறந்து 0.0.0.0 போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு சைட் பேரை எழுதணும், முன்னாடி மூணு டபிள்யூ இருக்குறதுக்கு ஒரு வரி, இல்லாததுக்கு தனியா ஒரு வரி. சேவ் பண்ணும்போது ஃபைல் பேர்ல டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கிட்டா வேலை செய்யாது. ஆனா உங்க கேள்விக்கு இது சரிப்படாது, ஏன்னா அது மொத்த கம்ப்யூட்டருக்கும் பொருந்தும், தாத்தாவுக்கும் உங்களுக்கும் சேர்த்தே பிளாக் ஆயிடும்.

பிள்ளைக்கு மட்டும்னா மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டிங்கிற ஆப்தான், இலவசம். பிள்ளைக்கு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணும், அதுலதான் கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணணும், நீங்க உங்க போன்ல இருந்தே எந்த சைட் வேணாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்னு செட் பண்ணலாம். வெப் ஃபில்டர் எட்ஜ் பிரவுசர்ல மட்டும்தான் வேலை செய்யும், அதனால குரோம் மாதிரி மத்த பிரவுசரை அந்தப் பிள்ளை அக்கவுண்ட்டுக்கு அதுவே தடுத்துடும். இது நல்லதுதான், ஏன்னா அட்மின் பாஸ்வேர்ட் இல்லாமலே பிள்ளையால குரோமை இன்ஸ்டால் பண்ணிக்க முடியும்.

யூடியூப்பை மட்டும் அவசரப்பட்டு மொத்தமா பிளாக் பண்ணாதீங்க. என் பொண்ணு பிரைமரி 5, சிங்கப்பூர் ஸ்கூல்களோட ஆன்லைன் பாடத் தளமான எஸ்எல்எஸ்ல டீச்சர் போடுற பாடத்துலயே நடுவுல யூடியூப் வீடியோ வரும், பிளாக் பண்ணா பாடம் திறக்கும், வீடியோ வர்ற கட்டம் மட்டும் ஓடாது, கீழ இருக்குற கேள்விக்குப் பதில் எழுத முடியாம பிள்ளை முழிக்கும். அதுக்குப் பதிலா யூடியூப்லயே பெரியவங்களுக்கான வீடியோவை மறைக்கிற ரெஸ்டிரிக்டட் மோட் போட்டு நேரத்தைக் குறைங்க.

செகண்டரி பிள்ளைங்களோட ஸ்கூல் டிவைஸ்ல நீங்க எதையும் நோண்ட வேணாம், அதுல ஸ்கூலே ஒரு மேனேஜ்மென்ட் ஆப் போட்டிருக்கும், ஸ்கூல் நேரத்துக்கு அப்புறம் எப்படி இருக்கணும்னு பேரண்ட்ஸ் தேர்ந்தெடுக்கலாம், ஸ்கூல்ல கேட்டா சொல்வாங்க.

தாத்தாவுக்கு யூடியூப்பும் வேணும், தமிழ் முரசும் வேணும், அவருக்கு ஒண்ணும் பூட்ட வேணாம், ஆனா வாட்ஸாப்ல வர்ற லிங்க்கை எல்லாம் கிளிக் பண்ற பழக்கம் இருந்தா மோசடியான்னு கேட்டுத் தெரிஞ்சுக்குற 1799-ங்கிற சிங்கப்பூர் ஸ்கேம்ஷீல்டு ஹெல்ப்லைன் நம்பரை எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டி வைங்க, சந்தேகம்னா கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்.

பிள்ளைங்ககிட்ட சொல்லாம மட்டும் செய்யாதீங்க. பக்கத்துல உக்கார வச்சு, எது பிளாக், ஏன் பிளாக்னு சொல்லிட்டே செட் பண்ணுங்க. ஃபேமிலி சேஃப்டில பிளாக் ஆன சைட்டை பிள்ளை ரிக்வெஸ்ட் பண்ணலாம், உங்க போனுக்கு வரும். வந்தா அன்னிக்கே பாத்து சரின்னோ வேணாம்னோ சொல்லிடுங்க, அப்படியே போட்டு வச்சா அது ஃப்ரெண்டோட போன்ல போய் பாத்துக்கும், அங்க உங்க ஃபில்டரும் கிடையாது, நீங்களும் பக்கத்துல இருக்க மாட்டீங்க.