வாட்டர்கலரில் மேகம்: கேள்வி பதில்

அக்கா, நீலம் பூசியதும் மேக ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி கறை விழுகிறது. ஏன்?

தாள் பாதி காய்ந்திருந்த நேரத்தில் தண்ணீர் மிகுந்த பிரஷ் பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னினால் தாராளமாக வண்ணம் விடலாம். மினுக்கம் மங்கத் தொடங்கினால், தாளில் இருப்பதைவிடப் பிரஷில் ஈரம் குறைவாகவும் வண்ணம் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மினுக்கமே போய், தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தால் கை வைக்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு மறுபடி நனைப்பதுதான் வழி.

நிழலுக்குக் கறுப்பு சேர்த்தால் சேறாகிறதே?

கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலம் மூன்று பங்குக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு பங்கு. மழைமேகம் என்றால் சியன்னாவைக் கூட்டுங்கள். காய்ந்ததும் வெளிறும், அதனால் ஈரத்தில் சற்று அதிகமாகத் தெரியட்டும்.

டிஷ்யூவால் ஒற்றி வெண்மை எடுக்கலாமா, மேடம்?

அல்ட்ராமரைன், செருலியன் நீலங்கள் ஓரளவு நன்றாக வரும். தாலோ நீலம் தாளில் ஊறிவிடும், வராது. டிஷ்யூவின் ஒரே பக்கத்தால் இரண்டு முறை ஒற்றினால், எடுத்த நீலத்தையே திருப்பி வைப்பீர்கள். மேகத்தைச் சுற்றிலும் ஒற்றினால் பஞ்சுமிட்டாய்தான். வெயில் படும் ஓரம் மட்டும் கூர்மையாக இருக்கட்டும், நிழல் பக்கம் ஈரத்தில் கரையட்டும்.

வரைந்து முடிப்பதற்குள் மேகம் கலைந்துவிடுகிறது.

துரத்தாதீர்கள். தாளை டேப் ஒட்டி நான்கு கட்டமாக்குங்கள். கட்டத்துக்குப் பத்து நிமிடம். வானம் மாறினால் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். பின்பக்கம் தேதி, நேரம், காற்றுத் திசை எழுதுங்கள். 1821, 1822இல் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் வானத்தை வரைந்த ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் பல படங்களில் இப்படித்தான் குறித்தார். அவை பெரும்பாலும் காகிதத்தில் எண்ணெய் வண்ணம். வாட்டர்கலரே பார்க்க வேண்டுமானால், இன்னொரு ஆங்கிலேய ஓவியரான டர்னர் வானத்துக்கென்றே வைத்திருந்த ஒரு ஸ்கெட்ச் புத்தகம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் மேகங்கள் சுவரில் ஒட்டியவைபோல் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே அளவில் போட்டிருப்பீர்கள். தலைக்கு மேலே பெரிது. அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறிதாகி, தட்டையாகி, நெருக்கமாகும். திரள்மேகங்களின் அடிப்பாகம் தட்டையாக இருப்பதற்குக் காரணம், நீராவி ஏறக்குறைய ஒரே உயரத்தில் குளிர்ந்து துளியாவது. நீலத்தையும் கீழே வரவரத் தண்ணீர் கூட்டி வெளிறச் செய்யுங்கள். அடிவானத்துக்கு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் வேண்டுமானால் முதலிலேயே மெல்லப் பூசிக் காயவிடுங்கள். ஈரத்தில் நீலத்தோடு சேர்ந்தால் பச்சையடிக்கும்.

200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாள் போதுமா?

குழிந்து தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் மறுபடி அதே காலிஃபிளவர். 300 ஜிஎஸ்எம் காட்டன் தாள் வாங்குங்கள். விலை கூடுதல்தான், பாதியாக வெட்டிப் பயன்படுத்துங்கள்.