பின்தெரு பப் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கோவைக்காரன். மென்பொருள் வேலைக்காக லண்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. கைபேசியில் நல்ல பப் என்று தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்துப் பெயர்கள்தான் வருகின்றன. போனால் நிற்க இடமில்லை, பாதிப்பேர் என்னைப்போல் பட்டியல் பார்த்து வந்தவர்கள். அந்தந்தத் தெருக்காரர்கள் போகிற, நல்ல சாப்பாடும் கிடைக்கிற இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பியர் மட்டும், அதுவும் அளவாக. மனைவி குடிப்பதில்லை, முழுச்சைவம். அடுத்த மாதம் ஏழு வயது மகளோடு வருகிறாள். அவர்களை அங்கே கூட்டிப்போகலாமா? இன்னொன்று, வெதுவெதுப்பாக ஒரு பியர் கொடுக்கிறார்களே, அதை எப்படித்தான் குடிக்கிறார்கள்?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால் நல்ல பப்பைக் கண்டுகொள்வதில் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பியர் வெதுவெதுப்பானது அல்ல. 11 முதல் 13 டிகிரி வரை இருக்க வேண்டும், அது நிலவறையின் குளிர்ச்சி. நம் ஊரில் ஐஸில் புதைத்து எடுத்த பாட்டிலையே குடித்துப் பழகிய நாக்குக்கு அது சூடாகத் தெரிகிறது. ‘காஸ்க் ஏல்’ என்பது பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் பியர். மதுவாலையிலிருந்து வந்த பிறகும் பப்பின் நிலவறையில் மெல்லப் புளித்துக்கொண்டிருக்கும். கசடு அடியில் படிய விட்டு, மேலே தெளிந்ததைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். பார் மேசைமேல் உயரமாக நிற்கும் மரப்பிடிகளைப் பார்த்திருப்பீர்கள். வாயுவை அழுத்தி மேலே தள்ளும் குழாய் வேறு, இது வேறு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பைன்டாக (ஒரு பைன்ட் 568 மில்லி) இழுக்க இழுக்க, பீப்பாய்க்குள் அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. திறந்த பீப்பாய் சுமார் மூன்று நாளில் தீர்ந்தாக வேண்டும். தீராவிட்டால் முதலில் சப்பென்று ஆகும், பிறகு காடிவாடை வரும். பப்புகளில் அதிகம் புழங்கும் பீப்பாய் ‘ஃபர்கின்’. 9 கேலன், அதாவது 72 பைன்ட். மூன்று நாளில் தீர வேண்டுமென்றால் ஒரு பம்புக்கு நாளைக்கு 24 பைன்ட் விற்க வேண்டும். எட்டுப் பம்பு வைத்தால் 192 பைன்ட்.

இப்போது செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பப்புக்குள் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே பத்துப்பேர். பம்புகள் எட்டு. அங்கே காஸ்க் ஏல் கேட்காதீர்கள், எதுவும் புதிதாக இருக்க வழியில்லை. அதே பத்துப்பேருக்கு இரண்டே பம்பு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். எத்தனை வகை என்று பெருமையடிக்காமல், தன் தெரு எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கும் கடைக்காரர் அங்கே இருக்கிறார். எனக்கு இதைவிட நம்பகமான அடையாளம் தெரியாது.

சில நுணுக்கங்கள். பம்பின் முகப்பில் பியரின் பெயர் எழுதிய வில்லை இருக்கும். அது பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தால் தீர்ந்துவிட்டது என்று பொருள். இரவு முழுக்கக் குழாயில் நின்ற பியரைக் காலையில் இழுத்துக் கொட்டிவிட வேண்டும். கொட்டாத கடையில் மதியம் முதல் ஆளாகப் போகிறவருக்கு அந்தப் பழையது வந்து சேரும். காடிபோல் புளித்தால், வெண்ணெய் மிட்டாய்போல் மணத்தால், கலங்கலாக இருந்தால் (சில வகைகள் கலங்கலாகவே வடிக்கப்படுபவை, வில்லையிலேயே எழுதியிருக்கும்) இரண்டு வாயோடு நிறுத்தி, கிளாஸை எடுத்துப்போய் மெதுவாகச் சொல்லுங்கள். நல்ல கடையில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் எடுபடாது. வாங்குவதற்கு முன் சின்னக் கிளாஸில் ஒரு வாய் ருசி கேட்பதும் இங்கே சாதாரணம். நீங்கள் அளவாகக் குடிப்பவர் என்பதால் அரைப் பைன்டாகவே கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இனி தெரு. லண்டனில் நல்ல பப்புகள் ஒளிந்திருப்பது தற்செயலாக அல்ல. பெல்கிரேவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாளிகைகளின் முகப்பு பெரிய சதுக்கங்களைப் பார்த்திருக்கும், குதிரைலாயங்கள் பின்சந்துகளில் இருக்கும். வண்டிக்காரர்களும் பணியாட்களும் அந்தச் சந்துகளில்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் குடித்த இடங்களும் அங்கேயே அமைந்தன. பெல்கிரேவ் மியூஸ் வெஸ்டில் ஸ்டார் டாவர்ன், வில்டன் ரோவில் கிரெனடியர், கின்னர்டன் தெருவில் நாக்ஸ் ஹெட். பெரிய சாலையில் நூறு முறை நடந்தாலும் இவை கண்ணில் படாது. முகவரியில் ‘மியூஸ்’ என்று இருந்தால் அது லாயத்தெரு, உள்ளே திரும்பிப் பாருங்கள்.

உழைக்கும் மக்களின் பகுதிகளில் காரணம் வேறு. 1830-ல் வந்த பியர் சட்டப்படி, இரண்டு கினி (அந்தக்கால நாணயக்கணக்கு) கட்டணம் கட்டிய எந்த வீட்டுக்காரரும் தன் வீட்டிலேயே பியர் விற்கலாம். வரிசைவீடுகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பியர்க்கடைகள் முளைத்தன. இன்று இஸ்லிங்டனிலோ பெர்மண்ட்சியிலோ வீடுகளுக்கிடையே திடீரென்று ஒரு பப் நிற்பதைப் பார்த்தால் இந்தச் சட்டம் நினைவுக்கு வரட்டும்.

ஆகவே ரயில் நிலையத்தில் இறங்கியதும் கடைத்தெருவை விட்டுவிடுங்கள். அதற்கு இணையாகப் போகும் இரண்டாவது, மூன்றாவது தெருவில் நடங்கள். மூலைகளைப் பாருங்கள். பளபளக்கும் ஓடு பதித்த சுவர், தொங்கும் பெயர்ப்பலகை, பாதிவரை பாலடித்த கண்ணாடி. வெள்ளி இரவில் எல்லாக் கடையும் நிறைந்திருக்கும், அது எதையும் காட்டாது. செவ்வாய், புதன் மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் போங்கள். காலடியில் நாய் படுத்திருக்க ஒருவர் நாளிதழ் படிக்கிறாரா, உள்ளே வருகிறவர் கேட்பதற்கு முன்பே அவருடைய கிளாஸ் நிரம்புகிறதா, சுவரில் வினாடிவினா நாள், அம்பெறிதல் (டார்ட்ஸ்) அணியின் ஆட்ட அட்டவணை ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றில் இரண்டு இருந்தால் அது தெருக்காரர்களின் இடம்.

பெயர்ப்பலகையையும் படியுங்கள். ஃபுல்லர்ஸ், யங்ஸ், சாமுவேல் ஸ்மித் என்று இருந்தால் அந்த நிறுவனத்தின் பப், பெரும்பாலும் அவர்கள் தரும் சரக்குதான். ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்றால் இலவசம் அல்ல, யாரிடமும் வாங்கி விற்கலாம் என்று பொருள். கைபேசிப் பட்டியலுக்குப் பதிலாக ‘காம்ரா’ என்ற அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் ‘குட் பியர் கைடு’ புத்தகம் வாங்குங்கள். நல்ல ஏலைக் காப்பாற்ற 1971-ல் குடிப்பவர்களே தொடங்கிய அமைப்பு அது. அந்தந்தப் பகுதி உறுப்பினர்கள் நேரில் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 1989-ல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணை போட்டது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த பெரிய மதுவாலைகளின் பிடியைத் தளர்த்துவது அதன் நோக்கம். பப்புகள் கூட்டங்கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. உணவகம் தொடங்கப் பணம் போதாத மைக்கேல் பெல்பனும் டேவிட் அயரும் 1991-ல் ஃபாரிங்டன் சாலையில் ஈகிள் என்ற பப்பை எடுத்தார்கள். பாரையொட்டியே அடுப்பு, கரும்பலகையில் அன்றைய பட்டியல், ஒன்றோடொன்று சேராத மேசை நாற்காலிகள், பாரிலேயே சொல்லிப் பணம் கட்டும் வழக்கம். நல்ல சமையலுள்ள பப்பைக் குறிக்கும் ‘காஸ்ட்ரோபப்’ என்ற சொல் அந்தக் கடையை ஒட்டித்தான் பிறந்தது. பிறகு அந்தச் சொல்லை எல்லோரும் பலகையில் எழுதத் தொடங்க, 2011-ல் ‘குட் ஃபுட் கைடு’ என்ற உணவக வழிகாட்டி அதைக் கைவிட்டது. ஆகவே பலகையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடாதீர்கள், பட்டியலைப் படியுங்கள்.

பத்துப் பன்னிரண்டு உணவு, மேலே இன்றைய தேதி, இரண்டு பெயர்கள் அடித்து அழிக்கப்பட்டிருக்கின்றன என்றால் உள்ளே உண்மையாகவே சமைக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையில் நாற்பது உணவு, பர்கரும் டிக்கா மசாலாவும் தாய்லாந்துக் குழம்பும் ஒரே பக்கத்தில் என்றால் பெரும்பாலும் உறைபெட்டியும் மைக்ரோவேவும்தான். நேரமும் முக்கியம். பப் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும், அடுப்பு அப்படியல்ல. மதியம் பன்னிரண்டு முதல் மூன்று, மாலை ஆறு முதல் ஒன்பது ஒன்பதரை என்பதே பரவலான வழக்கம். திங்களன்று பல கடைகளில் சமையல் இல்லை. ஞாயிறு ரோஸ்ட் (சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சாப்பாடு) மதியம் தொடங்கித் தீரும்வரைதான், நாலு மணிக்குப் போய் ஏமாறாதீர்கள்.

உங்கள் மனைவிக்காக இதைக் கவனமாகப் படியுங்கள். சைவ உணவு ஒன்றிரண்டாவது எல்லா இடத்திலும் இருக்கும், ஆனால் பக்கத்தில் வருவதில்தான் சிக்கல். உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு. ரோஸ்டோடு வரும் உருளைக்கிழங்கு வாத்துக்கொழுப்பில் வெந்திருக்கலாம். யார்க்‌ஷயர் புட்டிங் என்று கூட வரும் மாவுப்பண்டத்தில் முட்டை இருக்கும், கொழுப்பும் சேரலாம். ‘இது சைவமா’ என்று மட்டும் கேட்டால் போதாது, ‘எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், சைவத்துக்குத் தனிச் சட்டியா’ என்று கேட்கச் சொல்லுங்கள். பியரிலும் ஒன்று உண்டு. காஸ்க் ஏலின் கசடு படிய மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். நம் கடற்கரையில் நெட்டி என்பார்களே, அதுதான். சைவமாக வடித்ததை இப்போது வில்லையில் குறிக்கிறார்கள். குடிக்காதவர் லைம் சோடா, ஜிஞ்சர் பியர் கேட்கலாம். பெயரில்தான் பியர், ஆனாலும் சாராயம் சேர்த்த வகையும் உண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மனைவிக்குப் பெரிய தொல்லையில்லாத இடமும் இருக்கிறது. இஸ்லிங்டனில் ஹெமிங்ஃபோர்டு சாலையில் ஒரு பழைய தெருப்பப் 2022-ல் ‘தமிழ் பிரின்ஸ்’ ஆனது. மறு ஆண்டு எலியா தெருவில் இன்னொன்று ‘தமிழ் கிரவுன்’ ஆனது. இரண்டும் குடியிருப்புத் தெருக்களில், பப் பப்பாகவே இருக்க, அடுப்பில் மட்டும் நம் மசாலா. பெயர் பரவிவிட்டதால் முன்பதிவு இல்லாமல் வார இறுதியில் போக வேண்டாம்.

குழந்தையைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், பெரியவர் கூட இருந்தால் போதும். சில கடைகள் இரவு ஏழெட்டு மணிக்கு மேல் குழந்தைகளை அனுமதிப்பதில்லை, வாசலில் எழுதியிருக்கும். நம் ஊர் டாஸ்மாக் பாரை மனதில் வைத்துத் தயங்க வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். பப் தெருவின் பொதுத்திண்ணை. கில்பர்னுக்கு அருகே கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை 2015 ஏப்ரலில் உரிமையாளர்கள் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். தெருக்காரர்கள் விடவில்லை. இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகரவை உத்தரவிட்டது. கட்டி முடித்து 2021-ல் திறந்தார்கள். ஒரு குடிக்கடைக்காக மட்டும் ஒரு தெரு ஆறு ஆண்டு போராடாது.

பழக்கங்கள் சில. மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள், பாருக்குப் போய்க் கேட்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியும். கையை ஆட்டாதீர்கள். சாப்பாடு சொல்லும்போது மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு சுற்று வாங்கும் வழக்கம். குடிக்காதவரும் அந்தச் சுற்றில் உண்டு.

தொடங்க ஒரு வழி சொல்கிறேன். வார நாளில், வெள்ளி வேண்டாம். சான்சரி லேன் நிலையத்தில் மாலை ஐந்து மணிக்கு இறங்கி, நகைக்கடைகள் நிறைந்த ஹாட்டன் கார்டனுக்குள் திரும்புங்கள். வலப்பக்கக் கடைகளுக்கிடையே, எட்டாம் எண்ணை ஒட்டி, ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து வரும். கவனிக்காவிட்டால் தாண்டிவிடுவீர்கள். உள்ளே போனால் யே ஓல்ட் மைட்டர். 1546-ல் ஈலி பிஷப்பின் அரண்மனைப் பணியாட்களுக்காகத் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 18-ஆம் நூற்றாண்டினது. அரைப் பைன்ட் ஏல், கூட வேண்டுமானால் ஒரு சீஸ் டோஸ்ட். வார இறுதியில் பொதுவாக மூடியிருக்கும், சுற்றிலும் அலுவலகங்கள்தானே. பிறகு ஹாட்டன் கார்டனின் மறுமுனைவரை நடந்து, கிளார்கன்வெல் சாலையில் வலப்பக்கம், ஃபாரிங்டன் சாலையில் இடப்பக்கம் திரும்புங்கள். பத்து நிமிட நடையில் 159-ஆம் எண், ஈகிள். ஏழு மணிக்கு முன் போய்விட்டால் இடம் கிடைக்கும். உட்காருவதற்கு முன் கரும்பலகையைப் படியுங்கள், ஒன்றிரண்டு வரி அதற்குள்ளேயே அழிந்திருக்கும்.