வடக்கே தென்னந்தோப்பு இருந்தாலும் போலார் அலைன்மென்ட் செய்யலாம்

கேள்வி: உடுமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் டெலஸ்கோப் வைத்திருக்கிறேன். 400 மி.மீ. குவியத் தூரம், எச்ஈக்யூ5 மவுண்ட், கேனன் 600டி கேமரா, விண்டோஸ் லேப்டாப். வடக்கே முழுக்கத் தென்னை. துருவ நட்சத்திரம் ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. இப்போது வரும் சாஃப்ட்வேர்களில் அதைப் பார்க்காமலே அலைன்மென்ட் செய்யலாம் என்கிறார்களே, உண்மைதானுங்களா? எப்படிச் செய்வது?

பதில்: உண்மைதான். ஒரு மரத்தைக்கூட நீங்கள் வெட்ட வேண்டியதில்லை. போலார் அலைன்மென்ட் என்பது, டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் சுழல் அச்சை, வானம் சுற்றுவதாகத் தெரியும் மையப் புள்ளியான வான துருவத்தை நோக்கி நிறுத்துவது. துருவ நட்சத்திரம் அந்தப் புள்ளிக்கு அருகில் இருப்பதால்தான் அதைத் தேடுகிறோம்.

வான துருவம் ஓர் ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். உடுமலையில் அது ஏறக்குறைய 10.6 டிகிரி. அந்த உயரத்தை மறைக்க, 50 அடித் தென்னை 250 அடி தள்ளி நின்றாலும் போதும். மரமே இல்லாத வீட்டிலும் தொல்லை தீராது. அவ்வளவு தாழ்வில் தூசும் புகைமூட்டமும் இருக்கும். காற்றுமண்டலத்தின் ஒளிவிலகல் துருவப் பகுதியை 5 ஆர்க் மினிட் (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க் மினிட்) அளவுக்கு மேலே தூக்கிக் காட்டும். ஆகவே வடக்கு திறந்திருப்பவர்களும் இந்தப் புது முறைக்கு மாறுவது நல்லது என்பதே எங்கள் கருத்து.

செக்கு மாடு சுற்றிய தடத்தில் மூன்று குளம்படிகள் தெரிந்தால், உரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். சாஃப்ட்வேர் செய்வதும் அதுதான். மவுண்டின் ஆர்.ஏ. அச்சை (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் அச்சு) மட்டும் திருப்பித் திருப்பி மூன்று படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலும் உள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, படத்தின் மையம் வானில் எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்கிறது. இதைத்தான் பிளேட் சால்விங் என்கிறோம். மூன்று புள்ளிகளும் ஒரு வட்டத்தின் மேல் விழும். வட்டத்தின் மையம்தான் உங்கள் மவுண்ட் அச்சு பார்க்கும் இடம். அது உண்மையான துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை உயரம், திசை என இரண்டாகப் பிரித்துக் காட்டும்.

உங்கள் லேப்டாப்புக்கு நைனா என்ற இலவச சாஃப்ட்வேர் பொருந்தும். அதனுள் 'த்ரீ பாயிண்ட் போலார் அலைன்மென்ட்' என்ற பிளக்இன்னைச் சேர்க்க வேண்டும். கூடவே கருவிகளை லேப்டாப்போடு இணைக்கும் ஆஸ்காம் பிளாட்ஃபார்ம், மவுண்டை இயக்க ஈக்யூமாட் அல்லது கிரீன் ஸ்வாம்ப் சர்வர், பிளேட் சால்விங்குக்கு ஆஸ்டாப், அதற்கான டி50 நட்சத்திரத் தரவு. தரவை இறக்காமல் விட்டுவிட்டு 'சால்வ் ஆகவில்லை' என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். லினக்ஸ், ராஸ்ப்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு கேஸ்டார்ஸ் என்ற சாஃப்ட்வேரின் ஈகோஸ் பகுதியில் இதே வசதி உண்டு.

கேபிளில் கவனமாக இருங்கள். ஹேண்ட் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் நேரடியாகச் செருகுவதற்கு ஈக்யூடைரக்ட் கேபிள்தான் வேண்டும். சாதாரண ஆர்எஸ்232 சீரியல் கேபிளின் மின்னழுத்தம் மவுண்ட் போர்டு தாங்கும் அளவைவிட அதிகம். செருகினால் போர்டு கருகிவிடும்.

நைனாவில் குவியத் தூரம் 400, பிக்சல் அளவு 4.3 மைக்ரான் என்று கொடுங்கள். பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 2.2 ஆர்க் செகண்ட் (ஓர் ஆர்க் மினிட்டுக்கு 60 ஆர்க் செகண்ட்) வரும். படத்தின் பரப்பு 3.2க்கு 2.1 டிகிரி. குவியத் தூரத்தைக் குறைக்கும் ரெட்யூசர் லென்ஸ் மாட்டினால் அந்த எண்ணையும் மாற்ற மறக்கக் கூடாது. கேமரா எம் மோடில், ரா ஃபார்மட்டில், ஐஎஸ்ஓ 1600, 3 செகண்ட் எக்ஸ்போஷர் போதும். ஃபோகஸ் கச்சிதமாக இருக்கட்டும். வடை மாதிரி நட்சத்திரம் இருந்தால் சால்வ் ஆகாது.

மவுண்டை முதலில் உத்தேசமாக வடக்கு நோக்கி நிறுத்தி, உயர அளவுகோலை 10.6க்குக் கொண்டுவாருங்கள். ஃபோன் காம்பஸை கான்கிரீட் மொட்டை மாடியில் நம்ப வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, காம்பஸ் காட்டும் திசையைத் திருப்பிவிடும். நம் அட்சரேகையில் எடைக்கட்டித் தண்டு கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தொங்கி வடக்குக் காலில் முட்டப் பார்க்கும். ஓட விடுவதற்கு முன் கிளட்சைத் தளர்த்தி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

வானத்தின் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. நேர் உச்சியைப் பார்த்தால், திசைத் திருகைத் திருப்பும்போது படம் நகராமல் சும்மா சுழலும். சாஃப்ட்வேருக்குத் திருத்தம் சரியாகப் பிடிபடாது. நேர் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாகப் பார்த்தால் உயரத் திருகுக்கு அதே கதி. உங்களுக்குத் தெற்கு திறந்திருப்பதால், டெக்ளினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கு, தெற்கு விலகல்) மைனஸ் 20 அளவில், உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து தலை உச்சி வழியாகத் தெற்கே போகும் கோடு) 2 மணி நேரம், அதாவது 30 டிகிரி, கிழக்கே தொடங்குங்கள். ஒருமுறை பிளேட் சால்வ் செய்து சிங்க் கொடுத்துவிட்டு (மவுண்ட் தான் பார்ப்பதாக நினைக்கும் இடத்தை உண்மையான இடத்தோடு பொருத்திவிட்டு), 'இப்போதைய இடத்திலிருந்து தொடங்கு' என்பதைத் தேர்ந்தெடுத்து, மேற்கு நோக்கி 14 டிகிரி வீதம் இரண்டு நகர்வு கொடுங்கள். மூன்றாவது படம் உச்சிக்கோட்டைத் தாண்டாமல் அதன் அருகே, 59 டிகிரி உயரத்தையொட்டி முடியும். திருகுகளைத் திருப்புவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நகர்வை 3, 4 டிகிரியாகச் சுருக்கினால், குட்டி வில்லிலிருந்து பெரிய வட்டத்தை ஊகிக்க வேண்டியிருப்பதால் பிழை பெருகும்.

அளந்து முடித்ததும் நைனா தொடர்ந்து படம் எடுத்தபடி மீதிப் பிழையைக் காட்டும். இனி ஆர்.ஏ., டெக் மோட்டார்களைத் தொடவே கூடாது. மவுண்டின் உயர, திசைத் திருகுகளை மட்டும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு அடுத்த படம் வரும்வரை பொறுங்கள். உயரத் திருகில் முழுப் பாரமும் உட்கார்ந்திருக்கிறது. எதிர்த்திருகைத் தளர்த்தாமல் முறுக்கினால் திருகு வளைந்துவிடும். இன்னொரு கையால் டெலஸ்கோப்பைத் தாங்கிக்கொண்டு திருப்புங்கள். கடைசியில் பூட்டுத் திருகை இறுக்கும்போது ஓரிரு ஆர்க் மினிட் நழுவும். அதனால் திரையைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடிந்ததும் தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி மூன்று படத்தையும் மறுபடி எடுத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் பிழை நேர மண்டலம். லேப்டாப்பில் நேரம் 5.30 மணி தவறாக இருந்தால், வானம் ஏறக்குறைய 82.5 டிகிரி திரும்பியதாகக் கணக்கு போகும். அது கிட்டத்தட்டச் செங்கோணம். விளைவு, உயரப் பிழையைத் திசைப் பிழை என்றும் திசைப் பிழையை உயரப் பிழை என்றும் காட்டும். ஒரு திருகைத் திருப்ப மற்ற எண் குறைகிறது என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தீர்க்கரேகை 77.2 கிழக்கு என்பதையும் சரிபாருங்கள். மேற்கு என்று விழுந்திருந்தால் கணக்கு 154 டிகிரி திரும்பி, பிழைகளைக் கிட்டத்தட்டத் தலைகீழாகக் காட்டும்.

எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவர இரவெல்லாம் போராட வேண்டாம். 1 ஆர்க் மினிட் பிழை, மோசமான நிலையில்கூட, நிமிடத்துக்கு 0.26 ஆர்க் செகண்ட்தான் நட்சத்திரத்தை நகர்த்தும். 5 ஆர்க் மினிட் என்றால் 1.3. கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் தொடர்ந்து திருத்துவது) இல்லாமல் 2 நிமிடப் படம் எடுத்தால், அந்த 5 ஆர்க் மினிட்டே ஒரு பிக்சலுக்கு மேல் இழுத்துவிடும். 1 ஆர்க் மினிட் பிழையில் கால் பிக்சலைக்கூடத் தாண்டாது. கைடிங் உண்டென்றால் 2 ஆர்க் மினிட்டோடு நிறுத்திக்கொண்டு படம் எடுக்கப் போய்விடலாம். கைடிங்குக்கான பிஎச்டி2 சாஃப்ட்வேரில் 2.6.10 பதிப்பு முதல் ஒரே நேரத்தில் பல நட்சத்திரங்களைப் பின்தொடரும் வசதி வந்திருக்கிறது. காற்று அலைவில் ஒரு நட்சத்திரம் துள்ளுவதைப் பார்த்து மவுண்டை வீணாக ஆட்டுவது இதனால் குறையும். ஆனாலும் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வீசும்போது எந்த சாஃப்ட்வேரும் கைகொடுக்காது. தை முதல் பங்குனி வரைதான் உங்களுக்கு அறுவடை.

நீலகிரியில் முத்தோரையில் 1970-ல் முடிந்த 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப்புக்கு, அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரியளவு சரிந்த மலைச்சரிவையே தேடிப் பிடித்தார்கள். அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்பது அந்தச் சரிவால்தான். நீங்கள் திருகில் செய்வதை அங்கே மலையே செய்கிறது.

வேலை முடிந்த இரவே, முக்காலியின் மூன்று கால் நுனிகளையும் தரையில் பெயின்ட்டால் குறித்துவையுங்கள். மண்தரையாக இருந்தால் கால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி சதுரச் சிமென்ட் பலகை பதித்து, அதன்மேல் குறியுங்கள். இல்லையென்றால் நள்ளிரவுக்குள் ஒரு கால் இறங்கி, பார்த்துப் பார்த்துச் செய்த அலைன்மென்ட் போய்விடும்.