சபையில் மாலைப் படிப்பகம்: ஆறு மாதத்தில் நின்றுபோகாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. சபையில், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் தொடங்கப் போகிறோம். பல சபைகளில் ஆறே மாதத்தில் நின்றுபோயிருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் ஆள். வாலிபர் சங்கத்தை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீர்கள். ஜூனில் பத்துப் பேர் உற்சாகமாக வருவார்கள். செமஸ்டர் பரீட்சை, வேலை, டிசம்பரில் கீத பவனி (வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாடல் பாடுவது) என்று ஒவ்வொருவராகக் குறைவார்கள். பூட்டிய கதவைப் பார்த்து இரண்டு நாள் திரும்பிய பிள்ளை மூன்றாம் நாள் வராது. 30 பிள்ளைகளுக்குச் சம்பளத்துக்கு ஒரு டீச்சர், கூட ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பட்டதாரிப் பெண் கிடைத்தால் மிக நல்லது. வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே போய் விசாரிக்க முடியும்.

சம்பளம், சுண்டல், நோட்டு எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் மார்ச் வரை 1,20,000. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வரும் பணம் வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அதை முதல் போட வைத்துக்கொண்டு, மாதச் செலவுக்கு 24 குடும்பங்களிடம் மாதம் 500 ரூபாய் தருவதாக வாக்கு வாங்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சொந்தக்காரர் அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவுள்ள அமைப்பு அதை வாங்கி இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் 2020 திருத்தம் தடை செய்துவிட்டது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள்: எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, சிறு கதை. எங்கே தடுமாறுகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் நிலை. ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிலேயே நிற்பதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதை வாசிப்பதும் சகஜம். ஆகவே வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். தினமும் 45 நிமிடம் வாசிப்பும் கணக்கும். வீட்டுப்பாடம் அதற்குப் பிறகு. பெரும்பாலான மையங்கள் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. நோட்டு நிறைகிறது, பிள்ளைக்கு வாசிக்க வருவதில்லை, தாய்மாருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையை வைத்துக் குழுவை மாற்றுங்கள்.

சுண்டலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். மதியம் சாப்பிட்ட பிள்ளை ஐந்தரை மணிக்குப் பசியோடுதான் வரும்; கடைசியில் கொடுத்தால் கடைசி அரை மணிக்குத்தான் கூட்டம் சேரும். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் கடலை, 30 பேருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முந்தின இரவே ஊறப்போட வேண்டும்.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள், வர வேண்டும். வேத பாடம் ஞாயிறு பள்ளியில் இருக்கட்டும். படிப்பு நேரத்தில் அதைக் கலந்தால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். நம்மை நம்பி அனுப்பியவர்களுக்கு அது நியாயமும் இல்லை.

பாதுகாப்பில் துளியும் தளர்வு கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவு திறந்தே இருக்கட்டும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் சபைக் கமிட்டியில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதிவையுங்கள்.

குடும்பத்துக்கு நேரடியாக உதவ வேண்டுமானால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளியில் படித்து, வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருந்து, தேர்வாகிவிட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. மனத்திறன் பள்ளியில் அதிகம் பழகாதது என்பதால் அங்கேதான் மார்க் போகும். இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, ஆதாரில் இனிஷியல் வேறு என்று இருக்கும். பாஸானபின்னும் பணம் நிற்பது இதனால்தான். ஏழாம் வகுப்பிலேயே ஆதார், பள்ளிப் பதிவு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள்.