கண்ணியும் மூச்சும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் வியாழக்கிழமை இரவுதோறும் 15 பேர் கூடுகிறோம். குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதி, திக்ரு (இறைவனைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்து சொல்வது) செய்து, கடைசியில் சூஃபிக் கவிஞர் குணங்குடியார் பாட்டு ஒன்று பாடி முடிப்போம். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது. இப்போது பாட்டு வந்தால் இரண்டு பேர்தான் பாடுகிறார்கள், மற்றவர்கள் கைப்பேசியில் வரியைத் தேடுகிறார்கள். கரோக்கி போட்டுப் பார்த்தோம், இன்னும் மோசம். திக்ரு போகப் போக வேகம் கூடி, கடைசியில் என்ன சொல்கிறோம் என்றே தெரிவதில்லை. போன வாரம் ஒருவருக்குத் தலை சுற்றியது. அது ஹால் (ஆன்மிகப் பரவச நிலை) என்றார்கள் சிலர். ஆர்மோனியம், தபேலா வைத்தால் எல்லாம் ஒழுங்குக்கு வருமா? வாத்தியமே கூடாது என்கிறார் சாச்சா (சிற்றப்பா). கீழ்வீட்டுக்காரரும் ஒருமுறை வந்து கதவைத் தட்டிவிட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாற்றம். வழி சொல்லுங்கள்.

ஹ., ஈசூன்

அன்புள்ள ஹ.,

வ அலைக்குமுஸ்ஸலாம். தலை சுற்றியவரை முதலில் பார்ப்போம். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். இதற்கு ஹால் என்று பெயர் வைத்தால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேருக்கு வரும். அவரை உட்காரவைத்து, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள், சில நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். திக்ரு அங்கேயே நிற்கட்டும்.

வேகம் ஏறுவதற்குக் காரணம் பக்தி மிகுதி அல்ல. 15 பேரில் மூச்சு குறைந்தவர் முதலில் சொல்லி முடித்து, முதலில் மூச்சு வாங்கி, அடுத்ததை அரை நொடி முன்னாலேயே தொடங்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் அவரோடு சேர்ந்துகொள்வார். முன்னால் இருந்து நடத்துபவர் தான் பின்தங்கிவிடக் கூடாதே என்று அவர்களைத் துரத்துவார். ஒவ்வொரு சுற்றிலும் இம்மி இம்மியாகக் குறைந்து, எழுபதாவது எண்ணிக்கையில் நேரம் பாதியாகிவிடும். அப்புறம் ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ (அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை) என்ற கலிமாவில் ‘லா’வின் நீட்டம் போகும், கடைசி ‘ஹ்’ போகும். அதைவிடப் பெரிய பிழை, மூச்சு போதாமல் ‘லா இலாஹ’வோடு நிறுத்தி மூச்சு வாங்குவது. ‘வணக்கத்துக்குரியவன் இல்லை’ என்பதோடு வாக்கியம் அறுந்து நிற்கிறது! மூச்சு இரண்டு கலிமாவுக்கு நடுவில்தான் வாங்க வேண்டும், கலிமாவுக்கு நடுவில் ஒருபோதும் கூடாது.

சரிசெய்வது எளிது. நடத்துபவர் ஒவ்வொரு கலிமாவுக்குப் பிறகும் ஒரு முழு மூச்சு வாங்கும் அளவுக்கு இடைவெளி விடட்டும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது மட்டுமே சபையின் விதி. முதல் 33க்கு ஒன்றுக்கு 4 நொடி, பிறகு 3 நொடி. 2 நொடிக்குக் கீழே இறங்கவே வேண்டாம். 100 முடிய ஐந்தரை நிமிடம்தான் ஆகும். தஸ்பீஹ் மணியை (எண்ணும் மணிமாலையை) நடத்துபவர் கையில் கொடுக்காதீர்கள். எண்ணுகிறவர் வேறு, நடத்துகிறவர் வேறு. இரண்டையும் ஒருவரே செய்தால் மனம் எண்ணிக்கையை முடிப்பதிலேயே ஓடும். எண்ணுகிறவர் 33இலும் 66இலும் நடத்துபவரின் முழங்காலை லேசாகத் தொட்டால் போதும்.

நீங்கள் ஓதுவது ஒரு தரீக்காவின் (சூஃபி நெறியின்) ராத்திபு (திக்ருத் தொகுப்பு) என்றால் அதற்கு இஜாஸா (முறையான அனுமதி) உள்ளவரிடம் கேட்டுக்கொண்டு ஓதுங்கள். காதிரிய்யாவில் உரத்த திக்ரு உண்டு, நக்ஷபந்திய்யாவில் உள்ளுக்குள் சொல்வதே முறை. ஒன்றின் எண்ணிக்கையை எடுத்து இன்னொன்றின் அசைவோடு கலக்கிற பழக்கம் இணையக் காணொளிகளால் வந்தது. யாரையாவது பாடம் நடத்த அழைத்தால், 2017 முதல் இங்கே சமயம் போதிப்பவர்கள் பதிவு பெற்றிருப்பது கட்டாயம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாட்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) எழுதியவற்றில் நீங்கள் எதைப் பாடுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கண்ணியாக இருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணி என்பது இரண்டடி. பராபரக்கண்ணியில் ஒவ்வொன்றும் ‘பராபரமே’ என்று முடியும், எக்காலக்கண்ணியில் ‘எக்காலம்’ என்று முடியும். தாயுமானவரும் பராபரக்கண்ணி பாடியிருக்கிறார்; பத்திரகிரியாரின் புலம்பலும் ‘எக்காலம்’ என்றுதான் முடிகிறது. மஸ்தான் அந்தத் தமிழ் வடிவத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். ஒருவர் பாட, கூட்டம் அந்த ஈற்றுச் சொல்லை மட்டும் ஏந்திக்கொள்வதற்கு அது வாகாக அமைந்திருக்கிறது. நீங்கள் 15 பேரையும் முழு வரிகளைப் பாட வைக்கிறீர்கள். அவர்கள் கைப்பேசியைத் தேடாமல் என்ன செய்வார்கள்?

ஒருவர் 9 கண்ணிகளை மனப்பாடம் செய்யட்டும். நூறும் வேண்டாம், ஒன்பதே ஒன்பது. அவர் பாடி ஈற்றுச் சொல்லுக்கு வந்ததும் எல்லோரும் சேர்ந்து ‘எக்காலம்’ என்று இரண்டு முறை சொல்லட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக்கூட அந்த ஒரு சொல் போதும். நாலைந்து வாரத்தில் கண்ணிகளும் காதில் ஏறிவிடும். பாடுமுன் ஏதாவது ஒரு கண்ணிக்கு மட்டும் இரண்டு நிமிடம் பொருள் சொல்லுங்கள். மஸ்தான் பாடல்களில் தத்துவம், வாசி, மூலம் என்று சித்தர் மொழி நிறைய வரும். சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்கு வெறும் ஓசைதான். நடுநடுவே நிறுத்தி விளக்காதீர்கள், பாட்டு செத்துவிடும். தாளில் அச்சடித்துக் கொடுப்பதானால் தமிழ் எழுத்திலேயே பெரிதாக அடித்துக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும்.

கரோக்கியை நிறுத்துங்கள். அதன் வேகமும் சுருதியும் பூட்டு போட்டவை, நடத்துபவர் ஒரு சொல்லில் ஒரு கணம் நின்றுவிட முடியாது. அதிலும் நாகூர் ஹனிபா பாடியவற்றின் கரோக்கி என்றால் கேட்கவே வேண்டாம்; அந்தக் குரல் நிற்கும் உயரத்தில் சாதாரண ஆண்கள் கூட்டம் கத்தத்தான் முடியும். ஒரு கட்டை சுருதியில் தொடங்கிப் பாருங்கள். பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பார்த்து, அங்கே கழுத்து நரம்பு புடைத்தால் இன்னும் இறக்குங்கள். பல்லவியில் சுகமாக இருக்கிறதே என்று சுருதி வைத்துவிட்டு மேலே போய் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

முனாஜாத்து வேறு விஷயம். இறைவனோடு தனியே, கிசுகிசுப்பாகப் பேசுவது என்று பொருள். அதைக் கூட்டமாகப் பாடக் கூடாது. விருத்தம் பாடுவதுபோல் தாளமில்லாமல், ஒரே குரலில், மற்றவர்கள் தலைகுனிந்து கேட்க, மூன்று பாட்டு போதும். நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872இல் சிங்கப்பூரிலேயே அச்சானது. இந்த ஊரில் வெளியாகி இன்று நம் கைக்குக் கிடைக்கிற மிகப் பழைய தமிழ் நூல்களில் ஒன்று. தெலுக் ஆயர் சாலையில் 1828–1830இல் நாகூர் தர்காவைக் கட்டிய சமூகத்தின் வாரிசுகளுக்கு முனாஜாத்து ஒன்றும் இறக்குமதிச் சரக்கு அல்ல.

வாத்தியம் பற்றிச் சாச்சாவோடு வாதாடாதீர்கள். இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் தந்தி, குழல் வாத்தியங்களை விலக்கி, தப் என்னும் ஒருமுகப் பறையை அனுமதிக்கிறார். ஸமாவுக்கு (ஆன்மிகப் பாட்டு கேட்பதற்கு) நேரம், இடம், கூட்டாளிகள் மூன்றும் பொருந்த வேண்டும் என்ற கூற்றையும் எடுத்துச் சொல்கிறார். இதைவிடக் கடுமையான கருத்துடைய அறிஞர்களும் உண்டு. சாச்சா சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. என் யோசனை: ஆர்மோனியமும் தபேலாவும் வேண்டவே வேண்டாம். மார்க்கத் தீர்ப்பு இருக்கட்டும், பழகாத குரல்கள் ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஒன்றையொன்று கேட்பதை நிறுத்திவிடும். சாச்சா இசைந்தால் ஒரே ஒரு தப், அதுவும் கண்ணிக்கு மட்டும், திக்ருக்கு இல்லை. தோல் தப் வாங்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் தளர்ந்து ‘தொப்’பென்று கேட்கும், ஏர்கான் அறைக்குள் இறுகிச் சுருதி ஏறிவிடும். செயற்கைத் தோல் போட்டதாக வாங்குங்கள்.

கீழ்வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் உங்கள் குரல் பிரச்சினையாக இருந்திருக்காது. அவரை எழுப்பியது தரையில் இறங்கும் அதிர்வாக இருக்கும். முழங்காலால், உள்ளங்கையால் தாளம் தட்டுவது, எழுந்து நின்று குதிகாலில் ஆடுவது எல்லாம் அவர் வீட்டுக் கூரையில் இடியாக விழும். தடித்த பாய் விரியுங்கள், உட்கார்ந்தே திக்ரு செய்யுங்கள், தப்பை மடியில் வைக்காமல் கையில் தூக்கிப் பிடியுங்கள். ஒருமுறை நேரில் போய் எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டும் வாருங்கள்.

மஃரிபு (அந்தி), இஷா (இரவு) தொழுகைகளுக்கு நடுவே இங்கே ஏறத்தாழ 70 நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் வேலை முடிந்து எல்லோரும் ஈசூன் வந்து சேரமாட்டார்கள். இஷா எட்டு, எட்டரைக்குள் வந்துவிடுவதால் 8.45க்குத் தொடங்குங்கள். யாசீனின் 83 ஆயத்துக்கு (வசனத்துக்கு) கால் மணி நேரம், பிறகு திக்ரு, ஸலவாத்து (நபி மீது வாழ்த்து), கண்ணி 9, கடைசியாக முனாஜாத்து, துஆ (வேண்டுதல்). 9.40க்கு முடிந்துவிடும். இப்போது நீங்கள் பாட்டோடு முடிக்கிறீர்கள், அதனால்தான் கூட்டம் சத்தத்தோடு கலைகிறது. அமைதியான முனாஜாத்தைக் கடைசியில் வையுங்கள்.

நெய்ச்சோறு கந்தூரி விழாவுக்கு இருக்கட்டும். வாரா வாரம் சமைக்க ஆரம்பித்தால் மூன்றாம் மாதமே உங்கள் வீட்டுப் பெண்கள் வியாழக்கிழமையை வெறுக்கத் தொடங்குவார்கள். நார்சாவுக்கு (முடிவில் பகிரும் உணவுக்கு) பேரீச்சம்பழமும் தே ஓவும் (பாலில்லாத் தேநீரும்) போதும்.

இந்த வாரம் எக்காலக்கண்ணியில் தொடங்குங்கள். ‘பராபரமே’யைவிட ‘எக்காலம்’ பிள்ளைகள் வாயில் சீக்கிரம் நிற்கும்.